அரியருக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவே

பொறியியல் கல்லூரி விடுதியில் தேர்வு முடிவு வெளியானதும் அறைக்கு அறை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆல் கிளியரா?" ஆம் என்பவர்கள் உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிடுவார்கள். இரண்டு தாள்களில் தவறி, "ரெண்டு கப்பு" என்று நண்பனிடம் முணுமுணுப்பவர் வீட்டுக்குப் பேச மாட்டார். ஒரு வாரம், பத்து நாள் இந்த மௌனம் நீளும். அதற்குள் விடைத்தாள் நகல் கேட்பதற்கான கடைசித் தேதி கடந்துவிடும். அதோடு மறுமதிப்பீடும் போய்விடும். தேர்வில் தவறிய மாணவருக்கு வழிகள் உண்டு, அவை பலரும் நினைப்பதைவிட அதிகம். ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு தேதி இருக்கிறது. தோல்வியின் பாரத்தைத் தீர்மானிப்பது இழந்த மதிப்பெண் என்பதைவிட, தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவில் கிடக்கும் காலமும் அந்தக் காலத்தில் என்ன நடக்கிறது என்பதும்தான் என்பது என் துணிபு. தமிழ்நாட்டில் மிக அதிகமான பொறியியல் மாணவர்களைக் கையாளும் அண்ணா பல்கலைக்கழகத்தை முன்வைத்து இதைப் பார்க்கலாம்.

பாடங்களைத் தனித்தனியே தேறிக்கொள்ள வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முந்தைய) தேர்வை 1907-இல் எழுதிய சீனிவாச ராமானுஜன் கணிதத்தில் தேறி, மற்றவற்றில் தவறினார். அதற்கு முன்பே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பிற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்து, 1906-இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றிருந்தார். கணிதத் தேர்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு மீதியை மட்டும் பிறகு எழுதும் ஏற்பாடு அவருக்குக் கிடைக்கவில்லை. தேர்வில் தோற்றவர்களைத் தேற்ற நாம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைக்கும்வரை நாலாண்டுக்கும் மேலாக அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்வதில்லை. பட்டமின்றி, நிலையான வருமானமின்றி, உடல்நலம் குன்றி, நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு அதிகாரிகளின் வாசலில் நின்ற ஆண்டுகள் அவை. 1913-இல் அதே பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. மேதைக்கும் தோல்வி வரும் என்ற ஆறுதலைவிட, ஒரு மேதையின் இளமையிலேயே சில ஆண்டுகளை ஒரு தேர்வு விதி தின்றுவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பருவமுறையும் அரியரும் அந்தக் கொடுமையை நீக்கின. தவறிய தாளைச் சுமந்துகொண்டே அடுத்த பருவத்துக்குப் போகலாம். இன்றைய மாணவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, தான் எதனால் தவறினோம் என்ற கணக்கை. 2021 ரெகுலேஷன் எனப்படும் விதித்தொகுப்பின்படி கருத்தியல் தாளுக்கு இன்டர்னல் (கல்லூரி தரும் அகமதிப்பீடு) 40, பருவத் தேர்வு 60. தேர்வுத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு நடந்து 60-க்குச் சுருக்கப்படும். தேற இரண்டு நிபந்தனைகள்: தேர்வில் குறைந்தது 45 விழுக்காடு, இரண்டும் சேர்த்து 50. இன்டர்னலில் 30 வைத்திருப்பவர் தேர்வில் நூற்றுக்கு 45 எடுத்தால் போதும், 57 மதிப்பெண்ணோடு தேறிவிடுவார். இன்டர்னலில் 14 மட்டும் வைத்திருப்பவர் நூற்றுக்கு 55 எடுத்தாலும் மொத்தம் 47-தான். அவருக்கு 60 வேண்டும். ஒரே தாளை நன்றாக எழுதியவர் தவற, சுமாராக எழுதியவர் தேறுகிறார். "நல்லாத்தான் எழுதினேன், எப்படிப் போச்சுன்னே தெரியல" என்ற புலம்பலில் ஒரு பகுதிக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. விடைத்தாள் திருத்தியவர் மீது கோபப்படும் முன் இன்டர்னலைப் பார்க்க வேண்டும்.

பழைய ரெகுலேஷன்களில் இதற்கு ஒரு விடுதலை இருந்தது. 2013 ரெகுலேஷனின்படி முதல் முறை பெற்ற இன்டர்னல் தொடர்ந்து வரும். ஆனால் மூன்றாம் முயற்சி முதல், இன்டர்னலைச் சேர்த்துத் தேற முடியாதவர் பருவத் தேர்வில் மட்டும் 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி உண்டு. முதலாம் ஆண்டில் வகுப்புக்கு ஒழுங்காகப் போகாமல் இன்டர்னலை இழந்தவரின் கால்விலங்கை அந்த விதி கழற்றிவிட்டது. இது தெரியாமலே, இன்டர்னல் இல்லாததால் இனி முடியாது என்று கைவிட்டவர்கள் உண்டு. ஒவ்வொருவரும் தம் ரெகுலேஷனின் தேர்ச்சி விதியை ஒரு முறையாவது முழுதாகப் படித்துவிட வேண்டும். சீனியர் சொன்ன விதி பெரும்பாலும் சீனியரின் ரெகுலேஷனுக்கானது.

முடிவு வந்ததும் திறக்கும் முதல் கதவு விடைத்தாளின் ஒளிநகல். கட்டணம் கட்டி நகலைப் பெற்று, அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, அவர் மதிப்பிட்டுப் பரிந்துரைத்தால் கல்லூரி வழியாக மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதிலும் நிறைவில்லை என்றால் மறு ஆய்வு என்று இன்னொரு படி. செய்முறைத் தேர்வுக்கும் புராஜெக்ட்டுக்கும் மறுமதிப்பீடு கிடையாது. நகலை வாங்கியவர்கள் நேரே மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட ஓடுவதைவிட, அதை ஆசிரியரோடு உட்கார்ந்து படிப்பது மேல். கூட்டல் பிழை, திருத்தாமல் விடுபட்ட பக்கம், தவறான கேள்வி எண் போட்டதால் கிடைக்காத மதிப்பெண் ஆகியவை இருந்தால் அங்கேயே தெரியும். அவை எதுவும் இல்லையென்றாலும் நகல் வீணில்லை: தான் எழுதிய விடை திருத்துபவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதை மாணவர் முதல் முறையாக அப்போதுதான் பார்க்கிறார். அடுத்த முயற்சிக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

மறுமதிப்பீட்டில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்ற கேள்விக்கு அடிக்கடி காட்டப்படும் கணக்கு 2017 ஏப்ரல்–மே தேர்வினுடையது. அப்போது 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்து, 73,000-க்கும் அதிகமானோர் மறுமதிப்பீட்டில் தேறினர். ஏறத்தாழ நாலில் ஒருவர். ஆனால் அதே தேர்வின் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டியதாக லஞ்ச ஒழிப்புத் துறை 2018-இல் வழக்குப் பதிந்தது. எனவே அந்த எண்ணை வைத்து, முதல் திருத்தம் அவ்வளவு மோசம் என்றோ மறுமதிப்பீடு போட்டால் நாலில் ஒரு பங்கு நிச்சயம் என்றோ யாரும் முடிவுக்கு வரக் கூடாது. நேர்மையாக விண்ணப்பித்து நேர்மையாகத் தேறிய ஆயிரக்கணக்கானோர் மீதும் அந்த வழக்கின் நிழல் விழுந்தது. அதுதான் அதில் நடந்த பெரிய அநியாயம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விதியில் இடமில்லாதபோது மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று மகாராஷ்டிரக் கல்வி வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-இல் சொன்னது. ஆனால் 2011-இல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில், திருத்தப்பட்ட விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு தகவலே, எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. திருத்தியவரின் அடையாளம் மட்டும் மறைக்கப்படும். இந்தச் சட்டத்தில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் என்பது பொது வழக்கம். பதில் தர 30 நாள் அவகாசம். அங்கேதான் சிக்கல். தகவல் வந்து சேர்வதற்குள் மறுமதிப்பீட்டுக் கெடு முடிந்திருக்கும். விடைத்தாளைப் பாதுகாக்கும் காலம் முடிந்துவிட்டால் இந்த உரிமையும் முடிந்துவிடும் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே மதிப்பெண்ணைத் திருத்த வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் வழி. அது மறுக்கப்பட்டால் அல்லது கெடு தாண்டிவிட்டால் சட்டத்தின் வழி.

இனி மறுபடி எழுதுவது. பெரும்பாலோருக்கு எஞ்சுவது இதுதான், இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மூன்றாம் பருவத்தில் எம்-3 எனப்படும் மூன்றாம் கணிதத் தாளில் தவறியவர் நாலாம் பருவத்தில் அந்தத் தாளோடு புதிய தாள்களையும் எழுத வேண்டும். நவம்பர்–டிசம்பர் தேர்வின் முடிவு வந்து, மறுமதிப்பீட்டு முடிவும் வரும்போது ஏப்ரல் நெருங்கிவிடும். "ரீவேல்ல வந்துடும்" என்று காத்திருந்தவர் அரியர் தாளைத் தொட்டிருக்க மாட்டார். புதிய தாள்களுக்கு வகுப்பு நடக்கிறது, இன்டர்னல் இருக்கிறது, ஆசிரியர் துரத்துகிறார். அரியருக்கு வகுப்பு இல்லை, கேட்பாரும் இல்லை. ஒன்று மூன்றாவதும் மூன்று ஆறாவதும் இப்படித்தான். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்த நாளிலேயே, அது வராது என்று வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்குவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

எப்படிப் படிப்பது என்பதிலும் ஒரு வதந்தி உலவுகிறது: மூன்று யூனிட் போதும். வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். பார்ட்-ஏ-யில் யூனிட்டுக்கு இரண்டாகப் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், 20. பார்ட்-பி-யில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், 65. இதில் 'அல்லது' உண்டு, ஆனால் அது அதே யூனிட்டுக்குள்தான். பார்ட்-சி ஒரு பதினைந்து. மூன்று யூனிட்டை மட்டும் படித்தவர் ஒரு பிழையும் இல்லாமல் எழுதினால் பார்ட்-பி-யில் 39, பார்ட்-ஏ-யில் 12, ஆக 51. பார்ட்-சி அவர் படித்த யூனிட்டிலிருந்து வருமா என்பது அதிர்ஷ்டம். நல்ல இன்டர்னல் வைத்திருப்பவருக்கு இது ஆபத்தான கணக்கு. இன்டர்னலில் 14 வைத்து 60 தேவைப்படுபவருக்கு இது தோல்விக்கான திட்டமே. ஐந்து யூனிட்டின் இரண்டு மதிப்பெண் கேள்விகளையும் படித்து, நான்கு யூனிட்டைப் பெரிய கேள்விகளுக்குத் தயார் செய்பவருக்கு மேல்வரம்பு 72. அதில் பத்துப் பன்னிரண்டு சிந்தினாலும் கரை சேரலாம். அரியர் எழுதுபவர் மேதையாக வேண்டியதில்லை. தன் இன்டர்னலைக் கழித்து, தனக்கு எவ்வளவு தேவை என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு படித்தால் போதும்.

தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பல்கலைக்கழகமே நீட்டிய காலமும் உண்டு. 2017 ரெகுலேஷனில், ஒரு பருவத்தில் தவறிய தாளை அடுத்த பருவத்தில் எழுத முடியாமல், அந்தத் தாள் மீண்டும் வரும்வரை ஓராண்டு காத்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அரியரைப் பற்றி மாணவர் மெத்தனமாக இருக்கக் கூடாது என்பது நோக்கமாக இருந்திருக்கலாம். 2019 தொடக்கத்தில் மாணவர்கள் போராட, விதி தளர்த்தப்பட்டது. அந்தப் போராட்டத்தைச் சோம்பேறிகளின் கூச்சல் என்று பேசியவர்கள் இருந்தார்கள். நான் மாணவர் பக்கம்தான். ஓராண்டில் பாடம் மறக்கும், நடத்திய ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார், நண்பர்கள் அந்தத் தாளைத் தாண்டி வெகுதூரம் வந்திருப்பார்கள். காத்திருப்பது யாரையும் ஒழுங்குபடுத்துவதில்லை.

நேர் எதிரான தவறு 2020-இல் நடந்தது. கொரோனா முடக்கத்தின்போது, இறுதிப் பருவம் தவிர மற்ற அரியர் தாள்களுக்குக் கட்டணம் கட்டியிருந்த அனைவரும் தேர்ச்சி என்று தமிழக அரசு அந்த ஆகஸ்டில் அறிவித்தது. முதலமைச்சரை வாழ்த்திச் சுவரொட்டிகள் முளைத்தன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஏற்கவில்லை. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமி உள்ளிட்டோர் உயர் நீதிமன்றம் போனார்கள். தேர்வே எழுதாமல் தேர்ச்சி தருவதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எட்டு மாதங்கள் அந்த மாணவர்கள் தேறியவர்களா தவறியவர்களா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த எட்டு மாதத்தில் இணைய வழியிலோ சிறு குழுக்களாகவோ தேர்வு வைத்திருக்க முடியும். இலவசத் தேர்ச்சி என்ற வாக்குறுதி, மாணவர் உண்மையிலேயே தேறுவதற்கான காலத்தைத்தான் தின்றது.

நான்காண்டுப் படிப்பை முடிக்க அண்ணா பல்கலைக்கழகம் தரும் உச்ச வரம்பு ஏழாண்டு. பல்கலைக்கழக மானியக் குழு காட்டிய பொது நெறி, படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டாண்டு, விதிவிலக்கான சூழலில் இன்னும் ஓராண்டு. வரம்பு தாண்டியவர்களுக்கு அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு வரும். 2021 இறுதியில் அறிவிக்கப்பட்ட வாய்ப்பு, 2001-02-இல் சேர்ந்தவர்கள்வரை திறந்துவிடப்பட்டது. வழக்கமான கட்டணத்துக்கு மேல் 5,000 ரூபாய். இருபதாண்டுக்குப் பிறகு, பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயதில், ஒரு தாளுக்காக ஹால் டிக்கெட் எடுத்தவர்கள் அவர்கள். அந்த ஒரு தாள் இல்லாததால் பதவி உயர்வு இழந்தவர்கள், வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் காட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள். சிறப்பு வாய்ப்பு எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றாவது அதற்கு ஒரு நிலையான அட்டவணை இருக்கலாம்.

பட்டம் கைக்கு வரும்வரை வாழ்க்கையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதி போதும். பட்டம் கேட்பது குரூப் 2-இல். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்க 2022 ஏப்ரலில் மானியக் குழு அனுமதித்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ ஒரு பி.ஏ., பி.காம். சேரலாம். பொறியியல் தமக்கு ஒத்துவரவில்லை என்று மனதார உணர்ந்தவர்களுக்கு இது தோல்வி அல்ல, வழி மாறுவது. ஆனால் எட்டு அரியர் சேர்ந்த பயத்தில் மட்டும் இந்த முடிவை எடுக்கக் கூடாது. நல்ல ஆசிரியர் ஒருவரின் உதவியோடு ஒரு தாளையாவது முயன்று பார்த்த பிறகே எடுக்க வேண்டும். கல்விக் கடன் வாங்கியிருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தவணை தொடங்குவது பொதுவாகப் படிப்புக் காலம் முடிந்து ஓராண்டில். அரியர் இருக்கிறது என்று வங்கி தானாகக் காத்திருக்காது. முன்கூட்டியே கிளை மேலாளரிடம் பேசி அவகாசம் கேட்பது நல்லது. கடன் வாராக்கடனான பிறகு பேசுவது கடினம்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தைய செயல் ஒன்று உண்டு: வீட்டில் சொல்வது. கட்டணம் கட்டப் பணம் வேண்டும், நகலை ஆசிரியரிடம் காட்டத் துணிவு வேண்டும். மறைத்து வைத்த தோல்வியைக் கொண்டு இவற்றில் எதையும் செய்ய முடியாது. மறைப்பு உயிரையும் கேட்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். தேர்வுத் தோல்வி காரணமாகப் பதிவான தற்கொலைகள் 2,248. "அப்பா, ரெண்டு பேப்பர் போயிடுச்சு" என்று சொல்லும் பிள்ளைக்கு அன்றைக்குக் கிடைக்கும் பதில் மிக முக்கியம். "சரி, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்கும் பெற்றோர் அந்தப் பிள்ளைக்குக் காலத்தை மீட்டுத் தருகிறார்கள். பேச யாருமில்லை என்று தோன்றினால் அரசின் டெலிமானஸ் எண் 14416, தமிழகத்தின் 104, சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 ஆகியவற்றில் பேசலாம்.

அந்த சினேகாவின் அனுபவம் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு நேரடியான சான்று. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய அமைப்பு அது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் நாட்களில் வரும் அழைப்புகளைக் கேட்டவர்கள், தவறியவர்கள் ஓராண்டை இழக்காதபடி உடனே மறுதேர்வு வேண்டும் என்று அரசிடம் வலியுறுத்தினார்கள். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அந்தத் துணைத் தேர்வைக் கொண்டுவந்தது. பின்வந்த ஆண்டுகளில் தேர்வுத் தோல்வியால் நேரும் தற்கொலைகள் மாநிலத்தில் குறைந்தன. பாடத்திட்டம் மாறவில்லை, தேர்ச்சி மதிப்பெண் குறையவில்லை. அடுத்த வாய்ப்பு அருகில் வந்தது.

பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பினை இறுதிப் பருவத்துக்குத்தான் மிகவும் பொருந்தும். முதல் மூன்றாண்டில் தவறியவருக்கு அடுத்த வாய்ப்பு சில மாதங்களில், படிப்பின் நடுவிலேயே வருகிறது. ஏப்ரல்–மேயில் இறுதித் தேர்வு எழுதி ஒரு தாளில் தவறியவர் நவம்பர்வரை காத்திருந்தால், கல்லூரியும் இல்லை, விடுதியும் இல்லை, கேம்பஸில் கிடைத்த வேலையில் சேரும் நாளும் முதுநிலைச் சேர்க்கையும் போய்விடும். ஒரே தாளில் தவறிய இறுதியாண்டு இளநிலை மாணவர்களுக்கு உடனடித் தேர்வு நடத்தும் வழக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உண்டு. அந்த வரம்பை இரண்டு, மூன்று தாள்களுக்கு விரித்து, முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் நடக்கும் துணைத் தேர்வாக, எப்போதாவது அறிவிக்கும் சலுகையாக இல்லாமல் ரெகுலேஷனிலேயே எழுதி, மாநிலத்தின் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்க வேண்டும். வினாத்தாள் வங்கி இருக்கிறது, மண்டல மதிப்பீட்டு மையங்கள் இருக்கின்றன, ஜூலையில் வகுப்பறைகள் காலியாக இருக்கின்றன. கூடுதலாகத் தேவைப்படுவது திருத்தும் ஆசிரியர்களுக்கு இரண்டு வார ஊதியமும், விடைத்தாள் நகலைக் கட்டணமின்றி முடிவோடு சேர்த்தே இணையத்தில் தருவதும்.